ஒரே செடி, மொட்டு நிலை

இலையின் அடிப்பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். வெள்ளை மயிர், சிலந்தி நூல் மாதிரிப் பின்னியது, நடுநரம்பில் மட்டும் இல்லை. விளிம்பு முள் ஆறிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர், அடி மஞ்சள், நுனி கறுப்பு. இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டேன். நாலு தடவை அளந்து நாலு தடவை எழுதியாயிற்று. இப்போது லென்ஸ் வைப்பது இலையைப் பார்ப்பதற்காக இல்லை, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்காமல் இருப்பதற்காக. திரையில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. ஒரு மலைச்செடி, இதுவரை யாரும் பெயர் வைக்காதது, அதைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரையை யாரோ ஒரு நிபுணர் படித்துவிட்டு எட்டுக் கேள்வி கேட்டிருக்கிறார். அவர் யார் என்று சொல்லமாட்டார்கள், அது வழக்கம். ஏழுக்குப் பதில் எழுதிவிட்டேன். எட்டாவது ஒரே வரி. உங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் இதே செடியின் பழைய மாதிரி ஏதும் இருக்கிறதா, தேடிப் பார்த்தீர்களா? அவ்வளவுதான். காலையில் 'இல்லை' என்று அடித்தேன். மூன்றெழுத்து. அழித்தேன். மறுபடி அடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து அழித்தேன். இன்றைக்கு ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும், இப்போது மணி இரண்டு பத்து, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று தட்டுகிறது, அறை முழுக்க அந்துருண்டை வாடை, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி இரும்பு பீரோக்களில் அடுக்கி வைத்திருக்கும் இந்த ஹெர்பேரிய அறையில் இருபது வருடமாக இந்த வாடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போனால் என் சேலையில் அடிக்கிறதாம், கணவர் சொல்வார், எனக்குத் தெரிவதில்லை. இன்றைக்கு என்னவோ தெரிகிறது. தொண்டையில் போய் உட்காருகிறது.

செடியை நான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதில் குறை சொல்ல முடியாது. முட்செடி, இடுப்புயரம், தண்டில் வரிவரியாகச் சிறகு, சிறகிலும் முள். போன நவம்பரில் குதிரைக்கல் மொட்டை என்கிற புல்மலை உச்சிக்கு வடக்கே, சோலை முடிந்து புல் தொடங்கும் ஈரப் பள்ளத்தில் பார்த்தேன். கூட வந்த வனத்துறை வாட்சர் அதைத் தலகுனிஞ்சான் என்றார். ஏன் அந்தப் பேர் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. இந்தக் குடும்பத்து முட்செடிகள் எல்லாம் பூவை வானத்துக்குத் தூக்கிப் பிடிக்கும், இது மட்டும் பூக்கிறபோது தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது, பூவைத் தாங்கும் செதில்களின் முள்ளும் வெளியே நீளாமல் தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, தன்னையே குத்திக்கொள்கிற மாதிரி. அப்படி எழுத முடியாது. 'முள் பின்னோக்கி வளைந்தது' என்று எழுத வேண்டும், எழுதியிருக்கிறேன். வெட்கப்பட்ட மாதிரி இருக்கு மேடம் என்றார் வாட்சர். தப்புப் பண்ணின மாதிரி என்று எனக்குத் தோன்றியது, அப்போதே தோன்றியதா அல்லது இப்போது பீரோவில் ஒரு பழைய பொட்டலத்தைப் பார்த்த பிறகு அப்போது தோன்றியதாக நினைத்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. நாற்பத்தொரு செடி எண்ணினோம். மூன்றை எடுத்தேன். நாற்பத்தொன்றில் மூன்று எடுக்கலாமா என்று அரைமணி நேரம் புல்லில் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் எடுத்தேன். மீதியெல்லாம் தரையோடு தரையாக இலை விரித்துக் கிடந்தவை, இரண்டு வருடமோ மூன்று வருடமோ அப்படியே கிடந்து ஒரே ஒரு தடவை தண்டு விட்டுப் பூத்துச் செத்துப்போகும் போலிருக்கிறது. பூத்திருந்தது ஒன்பது. இதையும் எழுதியிருக்கிறேன். எல்லாம் எழுதியிருக்கிறேன், எட்டாவது கேள்வி ஒன்றைத் தவிர.

பொட்டலம் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. பதினோரு நாளாக. அதற்கு மேல் விடைத்தாள் கட்டு ஒன்றை வைத்திருக்கிறேன், யாரும் என் இழுப்பறையைத் திறக்கமாட்டார்கள், இருந்தும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு முட்செடி ஏதும் கிடைக்குமா என்று கடைசி பீரோவைத் திறந்தேன், 'பெயர் தெரியாதவை' என்று வெளியே சீட்டு ஒட்டிய பீரோ, வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. அடித்தட்டில் பழைய செய்தித்தாளில் மடித்து, சணல் போட்டுக் கட்டி, ஒட்டாமல் கொள்ளாமல் ஒரு செடி. தாளில் நெல்லிக்காய் ஊறுகாய் விளம்பரம், மேலே தேதி. பிரித்ததும் முதலில் பார்த்தது தலையைத்தான். மொட்டு. தொங்கிய மொட்டு. பின்னோக்கி வளைந்த முள். எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது, அதைச் சொல்ல வேண்டும், அரை நொடி நல்ல சந்தோஷம், இன்னொரு மாதிரி கிடைத்துவிட்டதே என்று. பிறகு பென்சில் சீட்டு. அ.நா. 2217. குதிரைக்கல் மொட்டை, மேற்கு விளிம்பு, பாறைக்குப் பின்னால். தேதி. மாலை 3.40. ஒரே செடி, மொட்டு நிலை, சுற்றித் தேடியும் வேறு இல்லை. வேரோடு எடுத்தது. அதற்குக் கீழே, கோடு போட்டு, 'புதுசு.' கேள்விக்குறிகூடக் கிடையாது. இதே துறையில் எனக்கு மூத்தவராக இருந்த அருமைநாயகம் சார் எதற்கும் கேள்விக்குறி போடுகிறவர், தெருவோரத் துத்திக்குக்கூட ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மறுநாள் அழிப்பார். இதற்குப் போடவில்லை. பதிமூன்று வருடத்துக்கு முன்னால், பார்த்த மாத்திரத்தில், அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேதியை இரண்டாம் தடவை படித்தேன். பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டேன், அது கிறீச்சென்றது.

ஆமாம் என்று எழுதினால் கட்டுரைக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. அதுதான் வேடிக்கை. முதலில் அச்சில் விவரித்துப் பெயர் வைத்தவர்தான் பெயர் வைத்தவர், விதி அப்படி. பத்துப் பேர் அதற்கு முன் பார்த்திருக்கலாம், பறித்திருக்கலாம், பொட்டலம் கட்டிப் பீரோவில் போட்டிருக்கலாம். 'பார்வையிட்ட பிற மாதிரிகள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இடம், தேதி, சேகரித்தவர், எண். நிபுணர் சந்தோஷப்படுவார். யாரும் என்னைத் திருடி என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் தேதியை என் விரலால் அடித்து அனுப்ப வேண்டும். அச்சில் வரும். கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுப்பார்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், அந்தத் தேதி எந்தத் தேதி என்று அப்போதிருந்தவர்களில் நாலைந்து பேருக்காவது தெரியும். தெரியுமா? பதிமூன்று வருடம். அவரவர்க்கு அவரவர் பிள்ளை, வீடு. யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அதுவும் போதாது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் செடியைப் போட முடியுமா? கேட்க வேண்டுமானால் பேச வேண்டும். பதிமூன்று வருடமாகப் பேசவில்லை.

மூன்றரைக்குப் பேச்சியக்கா டீ கொண்டுவந்தாள். லேபில் நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறாள், அடுத்த வருடம் ஓய்வு. நான் அப்போது பொட்டலத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்திருந்தேன், பிரிக்கவில்லை, சும்மா வைத்திருந்தேன். டம்ளரை வைக்க இடம் தேடியவள் சணலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இது அருமைநாயகம் சார் முடிச்சுல்ல மேடம்?"

"எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு சுத்து சுத்தி உள்ளாற வுட்டு இழுப்பாரு. எத்தன கட்டு அவுத்திருக்கேன். நகம் பேந்துரும்." டம்ளரை ஜன்னலோரம் வைத்தாள். "நல்லா இருக்காராம்ல? சின்னமனூர்ல. போன மாசம் எங்க மச்சினன் பாத்திருக்கான், வாய்க்கா ஓரமா நடந்து போய்ட்டிருந்தாராம். கைல அதே பூதக்கண்ணாடி."

நாலரைக்குச் சாவி வேணும் மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாய்க்கால் ஓரம். அங்கே என்ன இருக்கும், வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி, பெயர் தெரிந்தவை, உலகத்துக்கே பெயர் தெரிந்தவை, அதையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். முடிச்சு சரியாகத்தான் சொன்னாள், நான் பிரித்து மறுபடி கட்டினேனே, அப்படியென்றால் என் முடிச்சும் அவர் முடிச்சுதான். எனக்கு வேறு முடிச்சு போடத் தெரியாது. அவர் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்தது. டீயில் ஆடை படிகிறது. குடிக்கவில்லை.

சீட்டில் இருக்கும் அந்தத் தேதியில், மொட்டையில் வெயில் இருந்தது. எல்லோரும் மழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விசாரணை அறிக்கையில்கூட 'மழைக்கால ஈரத்தில்' என்று எழுதினார்கள், நல்ல வெயில், புல்லெல்லாம் தங்கமாக இருந்தது. செடி சேகரிக்கக் கூட்டிப்போன மூன்றாம் வருட மாணவிகள் பதினெட்டுப் பேர், பொறுப்பு அருமைநாயகம் சார், துணைக்கு நான். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் பாக்கி. மூன்றேகால் இருக்கும், சார் பாறைக்கு அந்தப் பக்கம் போனார், அஞ்சு நிமிஷம் வந்துர்றேன், பிள்ளைகளைப் பாத்துக்குங்க என்றார், போனார். கீழே சரிவில் சின்ன ஓடை, பாறை மேல் தகடாக வழிகிறது, பிள்ளைகள் மேடம் மேடம் என்று கெஞ்சினார்கள், முகம் கழுவிட்டு வந்துடுறோம் மேடம். நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போங்க, அஞ்சே நிமிஷம் என்றேன். சொன்னது நான். என் குரல்தான், கொஞ்சம் சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன். பாசி வெளியே தெரியவில்லை. ஜுலைகா, சிவப்புத் துப்பட்டா, முதலில் போனவள், அவள் கத்தவே இல்லை, அதுதான். மற்றவர்கள் கத்தினார்கள். எட்டடிதான் விழுந்தாள். தொடையெலும்பு. சார் ஓடி வந்தார், முழங்கால் இரண்டிலும் மண், கை விரலெல்லாம் மண், நகக்கண்ணில் மண், அந்தக் கையோடு அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தார், நான் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், இவர் எங்கே போய் மண்ணைக் கிண்டினார் என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது, அதற்குப் பதில் பதிமூன்று வருடம் கழித்து 3.40 என்று பென்சிலில் கிடைக்கிறது. கம்பளியில் தொட்டில் கட்டி இறக்கினோம். வழி நெடுக அவள் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள்.

இதை நான் மறைத்தேன் என்று சொல்வது சரியா? என்னை யாரும் நீ சொன்னாயா என்று கேட்கவில்லை. விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இருந்தவர் கேட்டது, மாணவிகளைத் தண்ணீர்ப் பக்கம் போக அனுமதித்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் சொன்னது, சரியா ஞாபகம் இல்ல சார், அருமைநாயகம் சார் பொறுப்புல இருந்தாங்க. இரண்டு வாக்கியம். இரண்டாவது வாக்கியம் பொய்யே இல்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதிமூன்று வருடம் நடந்திருக்கிறேன், கயிறு மாதிரி. அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அறையில் இருந்தேன். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பாறைக்குப் பின்னால் செடி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செடி? என்ன செடி சார், இருபது நிமிஷம் பார்க்கிற அளவுக்கு? அவர் தரையைப் பார்த்தார். புதுச் செடி என்று சொல்லியிருக்கலாம், கொண்டுவந்து காட்டியிருக்கலாம், உலகத்தில் யாரும் பார்க்காதது என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது, கொஞ்சமாவது என்ன, ஒரு பிள்ளையின் காலுக்கு முன்னால் அது என்ன. அதனால்தான் சொல்லவில்லை போல. பிள்ளைகளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவர்களுக்கு என்னைப் பிடிக்கும். ஏப்ரலில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வழியனுப்பும் கூட்டம் வேண்டாம் என்றார். எனக்கு மார்ச்சில் வேலை நிரந்தரமானது. போன மாதம் தபாலாபீசில் ஜுலைகாவைப் பார்த்தேன், கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள், மேடம் நல்லா இருக்கீங்களா, வெயிட் போட்டுட்டீங்க மேடம் என்று சிரித்தாள், ஸ்டாம்ப் எடுக்க எழுந்து உள்ளே போனாள், வலது கால் ஒரு பிடி தாமதமாக வந்தது, நான் சுவரில் இருந்த சேமிப்புத் திட்ட விளம்பரத்தைப் படித்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை.

நாலேகால். 'இல்லை' என்று அடித்துவிட்டு அனுப்பினால் ஒரு நொடி. பொட்டலத்தை மறுபடி அடித்தட்டில் வைத்துவிடலாம், இன்னொரு பதிமூன்று வருடம், பேச்சியக்காவும் ஓய்வு பெற்றுவிடுவாள், முடிச்சைப் பார்த்து ஆளைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இல்லையென்றால் வைக்கவே வேண்டாம், பூச்சி அரித்ததை வருடா வருடம் கொளுத்துகிறோம். இதை நினைத்ததும் கை தானாகப் பொட்டலத்தின் மேல் போய் அழுத்திக்கொண்டது, யாரோ பிடுங்க வருகிற மாதிரி. தாளுக்கு உள்ளேயிருந்து முள் லேசாக எதிர்த்தது. அவர் ஏன் இதை எழுதவில்லை? இதுதான் எனக்குப் புரியவில்லை, பதினோரு நாளாக அங்கேயே போய் முட்டிக்கொண்டு நிற்கிறேன். புதுசு என்று தெரிந்த மனுஷன், அளக்கத் தெரிந்தவர், கல்லூரியை விட்டுப் போனால் என்ன, வீட்டிலிருந்து எழுதியிருக்கலாம். ஒருவேளை எழுதிக்கொண்டிருக்கிறாரோ? பாதியில் இருக்கிறதோ? நான் முந்திக்கொண்டு அனுப்பி, அவர் ஒரு நாள் அச்சில் பார்த்துவிட்டால்? போனை எடுத்தேன். பழைய எண். மாற்றியிருப்பார். மாற்றியிருந்தால் நல்லது, முயற்சி பண்ணினேன் என்று இருக்கும். அடித்தது. மூன்று ரிங், நாலு ரிங். எடுத்தது ஒரு பெண்குரல், அவர் மனைவி.

"யாருங்க?"

"நான் சுகிர்தா பேசுறேன். சார் இருக்காங்களா?"

"எந்த சுகிர்தா?"

"காலேஜ்ல… பாட்டனி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது. பிறகுதான் அந்தம்மா சொன்னார். "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் நம்பர் கெடச்சுதாக்கும்." கோபமில்லாமல் சொன்னார், அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "இருங்க."

காத்திருந்தேன். செருப்புச் சத்தம் வந்தது. எனக்கு வைத்துவிடலாம் போலிருந்தது, விரல் சிவப்பு வட்டத்துக்கு மேலேயே நின்றது.

"சொல்லுங்க சுகிர்தா." குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மற்றபடி அதே குரல்.

எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "சார், ரெண்டாயிரத்து எரநூத்திப் பதினேழு" என்றேன். "பேர் தெரியாத பீரோவுல. நான் எடுத்துப் பாத்தேன்."

செருப்புச் சத்தம் மறுபடி ஓரிரு எட்டு வைத்து நின்றது.

"புதுசுதான் சார். நீங்க எழுதினது சரி. நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன், இன்னிக்கு அனுப்பணும், அதுல உங்க…"

"அந்த ஒரு செடிய வச்சா எழுதினீங்க?" என்றார் குறுக்கே. குரல் உயர்ந்திருந்தது, அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அத வச்சு எழுதி என்ன? இல்லாத செடிக்கா பேர் வைக்கப் போறீங்க?"

"இல்ல சார். போன வருஷம் நானும் பாத்தேன். மொட்டைக்கு வடக்க, சோலை ஓரத்துப் பள்ளத்துல."

"எதப் பாத்தீங்க?"

"அதே செடிய."

"காய்ஞ்சதா?"

"உசுரோட. நாப்பத்தொண்ணு எண்ணினோம்."

போன் நின்றுவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். என்னங்க, என்னாச்சு என்று அவர் மனைவி எங்கோ கேட்டார். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றார் இவர். பிறகு மெதுவாக, எனக்கா அவருக்கேவா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் பேசினார். "மூணு வருஷம் போனேன். மூணு நவம்பர். மேற்கு விளிம்பு பூரா மண்டி போட்டுத் தேடினேன். ஒண்ணுகூட இல்ல. நான் புடுங்கினதுதான் கடைசின்னு… ஒலகத்துல கடைசிச் செடிய நான்தான் வேரோட புடுங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நாப்பத்தொண்ணா?"

"நாப்பத்தொண்ணு. நான் மூணு எடுத்தேன்."

"அப்ப முப்பத்தெட்டு" என்றார். கழித்தலை இன்னொரு தரம் வாய்க்குள் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. "முப்பத்தெட்டு. வடக்குப் பக்கம் நான் போகவே இல்ல. ஏன் போகலேன்னு தெரியல."

இதோடு விட்டிருக்கலாம். பேர் போடுகிறேன் சார், தேதி போடுகிறேன் சார் என்று சொல்லி வைத்திருக்கலாம், அவர் இப்போது சந்தோஷமாக இருக்கிறார், அதைப் போய் ஏன், ஆனால் வாய் நிற்கவில்லை, பதினோரு நாள் இழுப்பறையில் வைத்திருந்தது, பதினோரு நாள் என்ன பதினோரு நாள், பதிமூன்று வருடம். "சார், அன்னிக்கு அந்தப் பிள்ளைங்களப் போகச் சொன்னது நான். விசாரணையில ஞாபகம் இல்லேன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு."

"தெரியும்மா."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. பாறைக்கு அந்தப் பக்கம்தான இருந்தேன். போங்க, அஞ்சே நிமிஷம்னீங்க. கேட்டுச்சு." நிறுத்தினார். "அந்தப் பாறையில பாசி இருக்கும்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சு ஒரு சத்தம் குடுத்திருந்தாப் போதும். வேர் பாதி வந்திருந்துச்சு. விட்டா அறுந்துரும். வேர் முழுசா வரட்டும்னு இருந்துட்டேன்."

மின்விசிறி தட்டியது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே டீ டம்ளரில் ஒரு ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு என் தப்பு மட்டும் தெரியும், அவருக்கு இரண்டும் தெரியும். அதோடு அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மேல் கோபமில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மன்னிச்சிருங்க என்ற சொல் நாக்கில் வந்து, அது அவருக்குச் சொல்ல வேண்டியதா தபாலாபீஸ் கவுண்டருக்குச் சொல்ல வேண்டியதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. இதில் ஒன்றும் தீரவில்லை, தீர்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு எழுந்து போகக் கூடாது.

"உங்க மாதிரியையே மூல மாதிரியா வைக்கட்டுமா சார்?" என்றேன். புதுச் செடிக்குப் பெயர் வைக்கிறபோது ஒரே ஒரு காய்ந்த மாதிரியைக் காட்டி, இதுதான் அது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒன்று. "வேர் முழுசா இருக்கறது உங்களோடதுலதான். என்னுதுல மூணுமே அறுந்துருச்சு."

"வேண்டாம். மொட்டுதான அது. பூ இருக்கறத வைங்க, அதான் மொற." யோசித்தார். "மத்த மாதிரிகள்ல ஒரு வரி போட்டுருங்க. தேதி, நேரம் எல்லாம் அப்படியே போடுங்க. மாத்தாதீங்க."

"போடுறேன் சார்."

"பேர் கீர் என் பேர வச்சுராதீங்க."

"தலகுனிஞ்சான்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. அதையே லத்தீன்ல வச்சிருக்கேன்."

"ம்" என்றார். அவருக்கு ஒரு செடிப்பெயர் சரியாகப் பட்டால் அப்படித்தான் சொல்வார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சுகிர்தா, ஒண்ணு கேக்கணும். நான் பாத்தப்ப மொட்டு மூடிக் கெடந்துச்சு. பூ என்ன நெறம்?"

திரையில் எழுதி வைத்திருந்தேன், 'பூவிதழ்கள் வெளிர்ந்தவை, நுனி ஊதாச் சாயல் கொண்டவை, நீளம் இருபத்திரண்டு மில்லிமீட்டர்'. படித்துக் காட்ட வாயெடுத்தேன். அது அவர் கேட்டதற்குப் பதிலாக எனக்குப் படவில்லை. கண்ணை மூடினேன். அந்தப் பள்ளம், காலடியில் சதசதவென்று ஈரம், மேகம் வந்து வந்து விலகுகிறது, புல்லுக்கு மேலே ஒன்பது தலை, எல்லாம் கீழே பார்த்துக்கொண்டு, நான் சேலையைச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்துத்தான் பூவின் முகத்தைப் பார்த்தேன், வேறு வழியில் பார்க்க முடியாது.

"மோர் நெறம் சார்" என்றேன். "நல்லாக் கடைஞ்ச மோர். அதுல ஒரு சொட்டு நாவப்பழச் சாறு விழுந்து, கலக்காம விட்டா எப்படி இருக்கும், நுனியில மட்டும் அப்படி. மேல இருந்து பாத்தாத் தெரியாது. படுத்துப் பாக்கணும். வாசனை லேசா இருக்கு, உருக்கின நெய் ஆறிப்போனா வருமே, அது. உள்ளுக்குள்ள ஒரு கறுப்பு வண்டு…"

"இருங்க, இருங்க" என்றார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது, ஏய், பென்சில் எங்க வச்ச என்று வீட்டுக்குள்ளே ஒரு குரல் கொடுத்தார், எதையோ தட்டிவிட்டு எதையோ இழுத்துப் போட்டு மறுபடி வந்தார். "ம், மோர் நெறம். சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."